ஒளியிழை வடமும் அதனை இணைக்கும் முறையும்

புதுவையினின்று கடலூர் செல்லும் பெருஞ்சாலையில், அரியாங்குப்பத்தைக் கடந்து சிறிது தூரம் செல்வோமாயின், நோணாங்குப்பம் என்னும் ஊரை அடைவோம். சுண்ணாம்பாறு அவ்வூரின் மருங்கே அமைதியாய்க் கடலை நோக்கிச் செல்கின்றது. படகுத்துறைக்கு வருவோர் ஆற்றையும், கழிமுகத்து மணற்பரப்பையும் கண்டு களித்து மீள்வர். ஆயின், இத்தகைய சாலைகளின் ஓரத்தே, மண்ணின் கீழ், செய்திகளைச் சுமந்து ஒளி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருத்தலை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலருடன் நாம் அவ்வழியே சென்றபோது, சாலையோரத்துச் சிறு கூடாரமொன்றில் இருவர் அமர்ந்து, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் இழையொன்றைக் கையிலேந்தித் தொழில் செய்துகொண்டிருக்கக் கண்டோம். அருகே அணுகிய மாணவனொருவனை அவர்களுள் மூத்தவர், "தம்பி, கீழே துண்டு கிடக்கும், பார்த்து வாங்க" என்று எச்சரித்தார். "கண்ணாடியைக் கண்ணாடியோடு எவ்வாறு ஒட்டுவீர்கள்?" என்று அம்மாணவன் வினவினான். அவ்வினாவிற்கு விடை கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நோணாங்குப்பத்திற்கு அணித்தே உள்ளது அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அவ்விடத்தை அகழ்ந்து, பண்டைக்காலத்தே உரோம நாட்டுடன் நிகழ்ந்த வாணிகத்தின் சான்றுகளை வெளிப்படுத்தினார். அவ்வூர்க் கம்மியர் கண்ணாடி மணி செய்வதில் வல்லவராயிருந்தனர். உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, அதனைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கி மணியாக்குவது அவர்தம் முறை. இக்காலத்து ஒளியிழையும் இழுத்தே செய்யப்படுகின்றது. மிகத் தூய கண்ணாடித் தண்டொன்றை உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் ஏறக்குறைய 2000 பாகை வெப்பத்தில் இளக்கி, கீழ்நோக்கிப் பல கிலோமீட்டர் நீளமுள்ள இழையாக இழுக்கின்றனர். கண்ணாடியை வெப்பத்தால் வயப்படுத்தி இழுக்கும் கலை இந்நிலத்திற்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும்.

ஒளி நேர்க்கோட்டிற் செல்லும் இயல்பினதன்றோ, வளைந்த இழைக்குள் அஃது எவ்வாறு செல்லும் என்று சிலர் ஐயுறலாம். அடர்ந்த பொருளினின்று அடர்த்தி குறைந்த பொருளை நோக்கிச் சாய்வாகச் செல்லும் ஒளி, அச்சாய்வு ஓர் எல்லையைக் கடப்பின், வெளியேறாது முழுதும் உள்ளேயே திரும்பிவிடும். 1841ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்துக் கொலாடன் என்பார், பாய்ந்து வளையும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி இவ்வுண்மையைக் காட்டினார். 1954ஆம் ஆண்டில், பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக்கற்றையின் வழியே உருவங்களை அனுப்பிக் காட்டினார். எனினும் அந்நாளைய கண்ணாடியில் ஒளி சிறிது தூரத்திலேயே தேய்ந்து ஒழிந்தது. அதற்குக் காரணம் கண்ணாடியிலுள்ள மாசேயென்றும், மாசு நீக்கின் நெடுந்தூரச் செய்திக்கு இழை பயன்படுமென்றும் 1966இல் சார்ல்ஸ் காவோ எடுத்துரைத்தார். அவருக்கு 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 1970இல் அமெரிக்க நாட்டுக் கார்னிங் நிறுவனத்தார், ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது எஞ்சும் இழையைச் செய்தனர். இன்றைய இழையிலோ, தக்க நிற ஒளியைச் செலுத்தின், அத்தூரம் கடந்தபின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எஞ்சுகின்றது.

இனி இழையின் அமைப்பைக் காண்போம். ஒளி செல்லும் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கியதில் ஏறக்குறைய 9 கூறு அகலமே உடையது. அக்கூறு ஒன்றை மைக்ரான் என்பர். நடுப்பகுதியைச் சூழ்ந்து வேறொரு கண்ணாடி உறை உண்டு. அதனையும் சேர்த்து இழையின் பருமன் 125 மைக்ரான், அஃதாவது நம் தலைமயிரினும் சற்றே தடித்தது. அதன்மேற் பூசப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக்கு மேலுறை அதனை 250 மைக்ரான் ஆக்குகின்றது. இத்தகைய இழைகள் சில, நெகிழ்ந்த குழாய்களுள் நீர்புகாப் பசையுடன் இடப்பெற்று, நடுவே தாங்கு கம்பியும், வெளியே கறுப்பு உறையும் பெற்று வடமாகின்றன. எந்த இழை எதனோடு சேரவேண்டும் என்பதை நிறமே அறிவிக்கும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, நீர்நிறம் என்பது பன்னிரண்டின் வரிசை. தொழிலாளர் இதனை நெடுங்கணக்குப் போல் மனனம் செய்திருப்பர்.

நம் நாட்டில் நெடுந்தூர வடங்களை 165 சென்டிமீட்டர் ஆழத்தில், பிளாஸ்டிக்குக் குழாய்க்குள் இடுவது வழக்கம். ஆழமாக இட்டும், சாலை அகலப்படுத்துவோர், நீர்க்குழாய் பதிப்போர் ஆகியோரின் எந்திரங்களால் வடம் அறுபடுவதுண்டு. அறுபட்ட இடத்தை மண்ணைத் தோண்டாமலே அறியும் உபாயம் ஒன்று உளது. ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி இழையின் ஒரு முனையில் ஒளித்துடிப்பைச் செலுத்தி, எங்கிருந்து எவ்வளவு ஒளி மீண்டு வருகின்றதென்று கணிக்கின்றது. கண்ணாடியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் எதிரொளி மீளுமாயின், அது போய் வந்த தூரம் 20 கிலோமீட்டர். ஆதலின் முறிவு 10 கிலோமீட்டரில் உளதென்க. கிணற்றில் கல்லெறிந்து ஓசை வரும் காலத்தால் ஆழம் அறிவதை இஃது ஒக்கும்.

வடத்தைத் திறத்தல் இருவகைப்படும். ஒன்று, அறுந்த முனையைத் திறத்தல். மற்றொன்று, அறுபடாத வடத்தை நடுவழியில் திறந்து, வேண்டிய இழையை மட்டும் ஓர் ஊருக்குப் பிரித்துக் கொடுத்தல். பின்னதே கடினமானது. ஏனைய இழைகளில் அந்நேரமும் செய்திகள் சென்றுகொண்டிருக்கும். ஆதலின் வெளியுறையை வட்டமாகக் கீறி நீளவாட்டில் நீக்குங்கால், கத்தியின் ஆழம் உறையின் தடிப்பைக் கடத்தலாகாது. உட்குழாயையும் அவ்வாறே சீவித் திறந்து, பசையைத் துடைத்து, வேண்டிய நிற இழையை மட்டும் வெட்டுவர். நிறம் பார்ப்பதில் ஒருமுறை பிழைப்பின், தொலைவிலுள்ள ஊரொன்று காரணம் அறியாது மௌனமாகிவிடும்.

இழையை இணைக்கும் முறை வருமாறு: முதற்கண், சிறு காப்புக்குழல் ஒன்றை இழையிற் கோத்துக்கொள்ளல் வேண்டும். இதனை மறந்து இணைத்துவிடின், பின்னர்க் கோக்க வழியின்மையால் இணைப்பை வெட்டி மீண்டும் தொடங்கவேண்டும். தொழில் கற்போர் அனைவரும் ஒருமுறையேனும் இப்பிழை செய்வர் என்று அம்மூத்தவர் நகைத்துக் கூறினார். இரண்டாவதாக, மேற்பூச்சை உரித்தல். மூன்றாவதாக, தூய ஆல்கஹாலில் நனைத்த துணியால் வெறுங்கண்ணாடியைத் துடைத்தல். நான்காவதாக, கிளீவர் என்னும் கருவியால் முனையை ஒடித்தல். இஃது அறுத்தலன்று, கூரிய அலகால் நுண்ணிய கீறலிட்டு வளைக்க, கண்ணாடி தானே நேராகப் பிளந்து நிற்கும். அம்முகத்தின் சாய்வு ஒரு பாகைக்கு உட்பட்டிருத்தல் நன்று. அதன்பின் அம்முகத்தை விரலாலோ துணியாலோ தீண்டலாகாது. ஐந்தாவதாக, இரு முனைகளையும் ஸ்பிளைசிங் எந்திரத்தின் இரு பள்ளங்களில் வைத்து மூடுவர். எந்திரம் தன் சிறு காமிராக்களால் அவற்றை நோக்கி, நேர்ப்படுத்தி, இரு மின்முனைகளுக்கிடையே ஒரு மின்பொறியை எழுப்பும். அவ்வெப்பத்தில் இரண்டு கண்ணாடிகளும் உருகி ஒன்றாகும். "பசையே கிடையாது தம்பி, கண்ணாடிக்குக் கண்ணாடியேதான் பசை" என்று மாணவனுக்கு அவர் அளித்த விடை நமக்கும் உவகை தந்தது. இறுதியாக, முன்பு கோத்த காப்புக்குழலை இணைப்பின்மேல் நகர்த்திச் சூடாக்க, அது சுருங்கி, தன்னுள்ளிருக்கும் எஃகுக் கம்பியுடன் இணைப்பைக் காக்கும்.

இணைத்த இழைகளைத் தட்டொன்றிற் பெரிய வளையங்களாகச் சுற்றி வைப்பர். சிறு வளைவில் ஒளி வெளியே கசியும். ஆதலின் மூன்று சென்டிமீட்டர் ஆரத்திற்குக் குறையாது சுற்றுவது பழைய விதி. வளைவைத் தாங்கும் புதுவகை இழைகள் இன்னும் குறுகிய ஆரத்தையும் பொறுக்கும். பின்னர் அனைத்தையும் நீர்புகாப் பேழையுள் இட்டு மூடி, மறுமுறை திறக்க உதவும்பொருட்டுச் சில மீட்டர் வடத்தையும் சுருட்டி உடன்வைத்துப் புதைப்பர்.

நிலையத்திலோ வீட்டிலோ வடம் முடியுமிடத்தில் இழைக்குக் கனெக்டர் என்னும் முனையம் வேண்டும். தொழிற்சாலையில் மெருகிட்ட முனையமுடைய பிக்டெயில் என்னும் சிறு இழையை வடத்தின் இழையோடு உருக்கி இணைப்பது நிலைத்த முறை. எந்திரமின்றிக் கையாலேயே பொருத்தும் முனையங்களும் உள. அவை விரைவில் முடிவன, ஆயினும் ஒளியிழப்புச் சற்று மிகுதி. நீல முனையத்தின் முகம் நேரானது. பச்சை முனையத்தின் முகம் 8 பாகை சாய்வுடையது. நீலத்தையும் பச்சையையும் ஒன்றோடொன்று செருகின் ஒளி பெரிதும் வீணாகும். தூசியே இங்குப் பெரும்பகை. ஒன்பது மைக்ரான் வாயிலில் கடற்கரை மணலின் நுண்துகளொன்று வீழ்ந்தால், வாயில் அடைபட்டதேயாம். ஆகவே நுண்காட்டியால் நோக்கித் துடைத்து, மீண்டும் நோக்கிய பின்னரே செருகுவர்.

ஒளிக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு. அதன் அலகு டெசிபெல். 3 டெசிபெல் இழப்பு எனின் ஒளி பாதியாயிற்று என்பது பொருள். புதுவைக்கும் கடலூருக்கும் இடையே 22 கிலோமீட்டர் வடமொன்று உளதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.35 வீதம் இழையின் இழப்பு 7.7. இரண்டு கிலோமீட்டருக்கு ஓர் இணைப்பாகப் பத்து இணைப்பு, ஒவ்வொன்றும் 0.05 ஆக 0.5. முனையம் இரண்டிற்கு 0.6. ஆக மொத்தம் 8.8. நன்கு செய்த பத்து இணைப்பின் இழப்பு, இரு முனையங்களின் இழப்பினும் குறைவாதல் காண்க. ஓர் இணைப்பு மட்டும் கவனக்குறைவால் 3 டெசிபெல் விழுங்குமாயின், பத்து இணைப்புக்குரிய செலவைப்போல் ஆறு மடங்கை அஃதொன்றே செய்துவிடும்.

இத்தொழிலில் இடரும் உண்டு. ஒடித்தெறிந்த கண்ணாடித் துண்டு தோலுட் புகின் காண்பதும் எடுப்பதும் அரிது. உணவோடு உட்செல்லின் கேடு. ஆதலின் துண்டுகளை மூடியுள்ள சீசாவில் இடுதலும், பணியிடத்தில் உண்ணாதிருத்தலும், கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிதலும் விதிகளாம். செய்தி சுமக்கும் ஒளி மனிதக் கண்ணுக்குத் தோன்றாதது. ஒளியில்லை என்றெண்ணி முனையை உற்றுநோக்குபவன் தன் கண்ணையே பணயம் வைப்பவனாவான்.

இவ்வளவு கவனமும் எதற்கெனில், இக்கடற்கரையின் வரலாறே விடை கூறும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேற, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை நகரிற் பெய்து பல பகுதிகள் வெள்ளத்துள் ஆழ்ந்தன. அத்தகைய நாளிலேதான் மருத்துவரை அழைக்கவும், மீனவரை எச்சரிக்கவும், படகு வேண்டவும் செய்திவழி இன்றியமையாதது. நாம் கையில் ஏந்தும் செல்பேசியும் பெரும்பாலும் அருகிலுள்ள கோபுரம் வரையே காற்றில் பேசுகின்றது. அப்பால் அதன் சொல் பெரும்பாலும் கண்ணாடி இழையிலேயே செல்கின்றது. பேழையின் மூடி சரிவரப் பொருந்தாவிடின் நீர் புகும். ஈரம் கண்ணாடியின் நுண்கீறல்களை நாளடைவில் வளர்த்து இழையை முறிக்கும். வெயில் நாளிற் செய்த சிறு பிழை மழை நாளில் ஓர் ஊரைத் தனிமைப்படுத்திவிடுதல் கூடும்.

நாம் விடைபெறும்பொழுது அவர்கள் பேழையின் மூடியைத் திருகிவிட்டு, மீண்டும் ஒருமுறை திறந்து, விளிம்பைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தனர். "முன்னரே மூடினீர்களே, ஐயா?" என்று மாணவன் வினவ, "ஒரு மணல் மாட்டியிருந்த மாதிரி தோணிச்சு, தம்பி" என்றார் மூத்தவர். கல்லூரியில் நாம் ஒளியின் விதிகளை ஏட்டிற் கற்கின்றோம். அவ்விதிகள் மக்களுக்குப் பயன்படுவது, யாரும் காணாத இடத்திலும் மணலொன்றைத் துடைப்பதற்காக மூடியை மீளத் திறக்கும் இத்தகைய கைகளாலேயே என்பதை மாணவர் உளங்கொள்வாராக. வடம் புதைந்தபின் அவர்தம் வேலையை எவரும் காணார். அடுத்த புயலன்று செய்தி தடையின்றிச் செல்லுமாயின், அதுவே அவ்வேலைக்குச் சான்று.