ஒரே பந்து, ரெண்டு ஓட்டக்காரர்கள்



அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்று ஒரு ஆட்டம் உண்டு. பேர்தான் கால்பந்து. ஆனா பெரும்பாலும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள்! கல்லூரி அணிகள் ஆடுவதைப் பார்க்கவே அங்கே லட்சம் பேர் கூடுவார்கள். அந்த ஆட்டத்தில் ஜோடியாகப் புகழ் பெற்ற ஓட்டக்காரர்களை ஒப்பிட்டுப் பார்ப்போமா?

முதலில் ஆட்டம் எப்படி என்று தெரிஞ்சுக்கணும். ஒரு அணிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். நாலு முயற்சிக்குள் 10 கெஜம், அதாவது 30 அடி, முன்னேறணும். முடியலைன்னா பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அது 'டச் டவுன்'. அதற்கு 6 புள்ளி. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்தான் 'ரன்னிங் பேக்'.

இதற்கு ஏன் ரெண்டு பேர்? ஒண்ணு, ஒவ்வொரு ஓட்டத்திலும் எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ஒருத்தரே தாங்க முடியாது. இன்னொண்ணு, ஒருத்தர் நடுவே இடித்துக்கொண்டு போகிறவர், மற்றவர் ஓரமாகப் பறக்கிறவர் என்றால் எதிரணி குழம்பிவிடும். நடுவில் கூட்டம் போட்டால் ஓரம் காலி. ஓரத்துக்கு ஓடினால் நடு காலி. ஆனா பந்து ஒண்ணுதானே! ஒருத்தர் ஓடினால் மற்றவருக்குப் பேர் கிடைக்காது. ஜோடிக்குச் சோதனையே இங்கேதான்.

1. பிளாஞ்சர்டு - டேவிஸ் (1944 - 1946): இவர்கள் ராணுவக் கல்லூரி அணி. டாக் பிளாஞ்சர்டு 90 கிலோவுக்கு மேல் எடை, நடுவே புகுவார். அதனால் 'மிஸ்டர் இன்சைடு'. கிளென் டேவிஸ் ஓரமாக ஓடுவார். அவர் 'மிஸ்டர் அவுட்சைடு'. மூன்று வருடத்தில் இவர்கள் அணி 27 வெற்றி, ஒரு டிரா. தோல்வியே இல்லை! வருடத்தின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் பரிசு 1945-இல் பிளாஞ்சர்டுக்கும் 1946-இல் டேவிஸுக்கும் கிடைத்தது. பேரையும் பங்கு போட்டுக்கொண்டார்கள் பாருங்கள்.

2. பிரவுன் - வில்லியம்ஸ் (2004): ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரோனி பிரவுன், கார்னெல் வில்லியம்ஸ். ஒரே இடத்துக்கு ரெண்டு பேரும் போட்டி. ஆனாலும் பங்கு போட்டே ஆடினார்கள். அந்த வருடம் ஆடிய 13 ஆட்டத்திலும் வெற்றி. 2005-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது பிரவுன் 2-ஆவது, வில்லியம்ஸ் 5-ஆவது. பங்கு போட்டதால் யாருக்கும் குறையவில்லை.

3. புஷ் - வைட் (2003 - 2005): தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ் வேகம், லென்டேல் வைட் பலம். 'இடியும் மின்னலும்' என்று பட்டப்பேர். 2006 ஜனவரி 4, டெக்சாஸ் அணியுடன் இறுதி ஆட்டம். கடைசி நேரத்தில் 38-33 என்று முன்னிலை. நாலாவது முயற்சி, வேண்டியது வெறும் 2 கெஜம். பந்து வைட் கையில். புஷ் மைதானத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்! மின்னல் வெளியே இருக்கும்போது ஓரத்தைக் காக்க என்ன அவசியம்? இடியைத் தடுத்துவிட்டார்கள். டெக்சாஸ் 41-38 என்று ஜெயித்துவிட்டது. பந்து கையில் இல்லாதவரும் எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரியுது.

4. சப் - மிஷெல் (2014 - 2017): ஜார்ஜியா பல்கலைக்கழகம். 2015-இல் நிக் சப்புக்கு முழங்காலில் பலத்த அடி. பாரம் முழுக்க சோனி மிஷெல் மேல். 2016-இல் மிஷெலுக்குக் கை உடைந்தது. முதல் ஆட்டத்தில் சப் தனியாக 222 கெஜம் ஓடினார். அடுத்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்ச் சம்பாதிக்கலாம் என்ற நிலை. ரெண்டு பேருமே இன்னும் ஒரு வருடம் சேர்ந்து ஆட இருந்துவிட்டார்கள்.

2018 ஜனவரி 1, ஓக்லஹோமா அணியுடன் அரையிறுதி. மிஷெல் பந்தைக் கீழே விட்டார். எதிரணி அதை எடுத்து ஓடி முந்திவிட்டது. நேரம் முடிய 55 வினாடி இருக்கும்போது சப் டச் டவுன் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அதே மிஷெல் 27 கெஜம் ஓடி 54-48 என்று முடித்தார். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். கோப்பை கிடைக்கவில்லை.

பரிசை வைத்துப் பார்த்தால் முதல் ஜோடிதான் சிறந்தது. ஆனா என் கணக்கில் சப் - மிஷெல்தான் முதலிடம். நல்லா ஓடும்போது கூட நிற்க எல்லாரும் வருவார்கள். பந்து கீழே விழுந்த பிறகு யார் ஈடுகட்டினார் என்று பார்த்தால்தானே ஜோடி தெரியும்?

உங்கள் கணக்கில் எந்த ஜோடி முதல்? காரணத்தோடு எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் ஒட்டுவோம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி