இடுப்பு வலிக்கு எமர்ஜென்சி வார்டா?

நாள்பட்ட இடுப்பு வலியோடு ராத்திரி நேரத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவரைப் பார்த்து அங்கே யாரும் மகிழப் போவதில்லை. பைக்கிலிருந்து விழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர், விஷம் குடித்தவர் என்று கட்டில்கள் நிறைந்திருக்கும்போது, "ரெண்டு வருஷமா இருக்கு சார், இன்னைக்குத் தாங்க முடியல" என்பவர் இடைஞ்சலாகத்தான் தெரிவார். ஒரு ஊசி, நாலு மாத்திரை, "காலையில ஓ.பி.க்கு வாங்க" என்ற வார்த்தை, அவ்வளவுதான். மருத்துவ நோக்கில் இதில் பெரிய பிழை சொல்ல முடியாது. ஆனால் ஆலைகள் சூழ்ந்த படப்பை போன்ற ஊரில் அந்தக் காலை ஓ.பி. பலருக்கு எட்டாதது. ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் செய்கிறவர்களில் கணிசமானோர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள், டிரெய்னிகள். அரசு ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும், முதல் ஷிஃப்ட்காரர் அந்த நேரத்தில் லைனில் நிற்பார், ராத்திரி ஷிஃப்ட்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். லீவு போட்டால் அன்றைய சம்பளத்தோடு அட்டெண்டன்ஸ் போனஸுக்கும் ஆபத்து. ஆக, அவர் எமர்ஜென்சிக்குப் போவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அவருடைய நேரத்துக்குத் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான். அங்கே அவருக்குக் கட்டிலும் ஸ்கேனும் கிடைக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆபத்தான வலியா என்று முறையாகச் சோதித்துவிட்டு, அவர் என்ன வேலை பார்க்கிறார், வலி எப்படித் தொடங்கியது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதே என் வாதம். இந்த இரண்டாவது காரியத்தின் மதிப்பு நம் மருத்துவமனைகளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதலாவதை முதலில் பார்த்துவிடுவோம். இடுப்பு வலிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒரு எலும்பையோ ஜவ்வையோ சுட்டிக்காட்ட முடியாது. மீதமுள்ள சிறு பங்கில்தான் கண்டம் இருக்கிறது. தண்டுவடத்தின் அடியில் குதிரைவால் போலப் பிரியும் நரம்புக் கற்றையை விலகிய டிஸ்க் அழுத்தினால் சிறுநீர் கழிக்க முடியாது, அல்லது தெரியாமலே கசியும்; தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப் போகும்; கால்கள் வலுவிழக்கும். இது சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய நிலை. தாமதித்தால் வாழ்நாள் முழுக்க டியூப் வழியாகச் சிறுநீர் போக நேரலாம். நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: முதுகெலும்புக் காசநோய். சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரியில் கூடும் வலி என்று மெதுவாக வந்து, எலும்பைத் தின்று, கால்களை முடக்கிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்தாறுதான். ஊசியால் லேசாகக் குத்தி உணர்ச்சி பார்ப்பது, கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்வது எல்லாம் சில நிமிட வேலை. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையே இல்லை. இதில் நாள்பட்ட நோயாளிக்கு ஒரு தனி அபாயம் உண்டு. "பழைய வலிதானே" என்ற எண்ணம் மருத்துவருக்கும் வரும், நோயாளிக்கும் வரும். நேற்று புதிதாக வந்த மரத்துப் போதல் அந்தப் பழைய வலிக்குள் ஒளிந்துகொள்ளும். தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் வருகிறவர்களை அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை இருக்கிறது. இடுப்பு வலிக்காரர் பச்சைக்குப் போவதில் தப்பில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காமலே அங்கே அனுப்புவதுதான் தப்பு.

ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு வலிக்கு என்ன செய்வது? பலமான மருந்து கேட்பவர்கள் ஒருபுறம், அப்படிக் கேட்டாலே போதைக்கு வந்தவர் என்று சந்தேகிப்பவர்கள் மறுபுறம். டிரமடால் 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்ததிலிருந்து அந்தச் சந்தேகம் கூடியிருக்கிறது. நோயாளியை அவமதிக்காமலே மருந்தை மறுக்க ஆதாரம் உண்டு. சிட்னியில் நடந்த ஓபல் ஆய்வு 2023இல் 'லான்செட்'டில் வெளியானது. புதிதாக வந்த இடுப்பு, கழுத்து வலிக்கு ஓபியாய்டு மருந்து மருந்தில்லாத போலி மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்று அது காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சி, விளக்கமான ஆலோசனை, சில இயன்முறைச் சிகிச்சைகள் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. ஓபியாய்டு வேண்டாம், இழுவைச் சிகிச்சை வேண்டாம் என்றது. மெடிக்கல் கடைகளில் தொங்குகிற இடுப்பு பெல்ட்டுக்கும் அதே கதிதான். வேண்டியதெல்லாம் வாரக்கணக்கில் தொடரும் பயிற்சி. அதை ராத்திரி வார்டு தர முடியாது. அப்படியானால் சீட்டில் வேலையை எழுதி என்ன பயன்?

பயன் பணத்தில் தொடங்குகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. காய்ச்சலுக்குப் படுப்பதுபோல் இடுப்பு வலிக்குப் படுத்தால் அது நோய் விடுப்பு: சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை, அதுவும் குறைந்தபட்ச நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால். அதே இடுப்பு, லைனில் ஒரு பாகத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்றால் அது பணிக் காயம்: 90 சதவீதம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆனாலும். ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் டிஸ்க் விலகலுக்கு இடமும் உண்டு. 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். ஆனால் அதற்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். காண்ட்ராக்டரை மாற்றி மாற்றி, இடையிடையே நிறுத்தி வேலை வாங்கும் ஊரில் இந்த நிபந்தனை யாரைக் கழித்துக்கட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு முரணும் இருக்கிறது. டிஸ்க் விலகலை நீண்டகால நோயாக ஏற்கும் அதே ஈ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இடுப்பு வலி இல்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலிலும் அது இருந்ததில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஜெர்மனி ஆண்டுக்கணக்கில் பாரம் தூக்கியதால் வரும் டிஸ்க் நோயை 1993லேயே தொழில்நோயாக ஏற்றுவிட்டது. இங்கே அப்படி ஒரு வழி இல்லாததால், ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட வேலையில் அடிபட்டது என்று காட்டினால்தான் தொழிலாளிக்கு ஏதாவது மிஞ்சும். அந்த நாளைக் காட்டக்கூடிய முதல் காகிதம் எமர்ஜென்சிச் சீட்டு.

நிர்வாகங்களின் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது: இடுப்பு வலி யாருக்குத்தான் இல்லை? நியாயமான கேள்வி. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு அது இருந்ததாகக் கணக்கு. ஐ.டி. ஊழியருக்கு இருக்கிறது, வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு இருக்கிறது, தினமும் பைக் ஓட்டுகிறவருக்கும் இருக்கிறது. கனமான வேலையை ரோபோ பார்க்கிறது என்பதும் பாதி உண்மை. வெல்டிங்கையும் பெயிண்டிங்கையும் ரோபோ எடுத்துக்கொண்டது. காருக்குள் குனிந்து வயரிங் செருகுவதும், தலைக்கு மேல் கையைத் தூக்கி போல்ட் முடுக்குவதும் இன்னும் மனித முதுகின் வேலைதான். எல்லோருக்கும் வரும் நோய் என்பதே வேலையைப் பதிவு செய்யாமல் இருப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது. ஒரே லைனிலிருந்து ஒரே மாதத்தில் பத்துப் பேர் வந்தார்களா, ஊர் முழுக்கச் சிதறி வந்தார்களா என்பதைப் பதிவு இல்லாமல் யாரும் சொல்ல முடியாது, நிர்வாகம் உட்பட. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்றது அந்தப் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. காயம் ஏற்படுத்தக்கூடிய பாரத்தைத் தூக்க வைக்கக் கூடாது என்றது 34ஆம் பிரிவு. நின்றே வேலை செய்கிறவர் வாய்ப்புள்ளபோது உட்கார வசதி வேண்டும் என்றது 44ஆம் பிரிவு. (கடை ஊழியர் உட்கார 2021இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டத் திருத்தமே வந்தது, ஆலைத் தொழிலாளிக்கு அந்த உரிமை எழுபது வருஷமாக ஏட்டில் இருந்தது பலருக்குத் தெரியாது.) ஆனால் ஆலை மருத்துவ அறையின் குறிப்பு ஆலையின் கையில் இருக்கும். வெளி மருத்துவமனைச் சீட்டு தொழிலாளியின் கையில் இருக்கும். வழக்கு என்று வந்தால் இந்த வேறுபாடு சின்னதல்ல.

அரசு மருத்துவர்களின் மறுப்பு வேறு மாதிரி. ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லை, இதையும் எழுத வேண்டுமா என்பார்கள். சாலை விபத்துக்கு அவர்கள் இதைவிட அதிகமாகவே எழுதுகிறார்கள். ஏ.ஆர். என்று எல்லோரும் சொல்லும் விபத்துப் பதிவேட்டில் எங்கே, எப்போது, எப்படி என்று பதியாமல் அடிபட்டவரை அனுப்புவதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும்படி செய்தது. மனம் வைத்தால் அவசரப் பிரிவின் நடைமுறையை மாற்றலாம் என்பதற்கு அதுவே சான்று. வேலையில் பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்புக்கும் ஏ.ஆர். பதிவு செய்யச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். வார்டின் கூட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால், சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை இந்தப் பகுதியின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் உட்காரட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் இயன்முறைச் சிகிச்சையை வீடு தேடிக் கொண்டுபோகிறது. அவர்கள் வரும் நேரத்தில் ஷிஃப்ட் தொழிலாளி வீட்டில் இருக்க வேண்டுமே! 2024இல் பணியிடங்களுக்கும் விரிவான அத்திட்டம் முதன்மையாக ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது. முதுகையும் சேர்த்துக்கொள்ள அதில் தடை ஏதுமில்லை.

அதுவரை தொழிலாளி கையில் இருப்பது கொஞ்சம்தான். ஈ.எஸ்.ஐ. விதிகளின்படி நிறுவனம் விபத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அடிபட்டதைத் தொழிலாளி வாய்மொழியாகச் சொன்னாலும் அது செல்லும். சூப்பர்வைசரிடம் அன்றே சொல்ல வேண்டும். ராத்திரி மருத்துவமனைக்குப் போனால் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலையில், எத்தனை மணிக்கு, எதைத் தூக்கும்போது என்று சொல்லி அதைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஊசியில் வலி தணிந்து மறுநாள் ஷிஃப்ட்டுக்குப் போய், மூன்று வாரம் கழித்துக் கால் மரத்துப் போனபின் இதையெல்லாம் நிரூபிக்கப் போனால், கையில் இருப்பது மருந்துப் பெயர்கள் மட்டும் உள்ள ஒரு துண்டுச் சீட்டாகத்தான் இருக்கும்.