இசைத்தொகுப்பியில் செயலிழந்த விசைகளைச் சீர்செய்தல்

இசைத்தொகுப்பி (சிந்தசைசர்) விசைப்பலகையில், அழுத்தினாலும் ஒலி எழுப்பாத விசை செயலிழந்த விசை எனப்படும். 1980களில் வெளிவந்த கருவிகளில் இது பரவலாகக் காணப்படும் பழுதாகும். பெரும்பாலும் தூசியே இதற்குக் காரணம். எனினும் ஒலி வராத ஒவ்வொரு விசையும் பழுதான விசையன்று. 1984 ஆம் ஆண்டில் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜூனோ-106 இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

விசை இயங்கும் விதம்

ஜூனோ-106 கருவியில் 61 விசைகள் உள்ளன. ஒவ்வொரு விசையின் அடியிலும் குமிழ் போன்ற ரப்பர் பகுதி உண்டு. அதன் உட்புறத்தில் மின்கடத்தும் கரிப்பொட்டு அமைந்திருக்கும். விசையை அழுத்தும்போது இப்பொட்டு மின்சுற்றுப் பலகையிலுள்ள இரு தடங்களை இணைக்கிறது. 61 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பிகள் இழுப்பதில்லை; விசைகள் வரிசைகளும் நிரல்களுமாகப் பின்னப்பட்டு, நுண்செயலியால் நொடிக்குப் பல முறை சோதிக்கப்படுகின்றன. சமிக்ஞைகள் குழம்பாதிருக்க விசைதோறும் ஒரு டயோடு இருக்கும்.

அழுத்தும் வேகத்தை உணரும் விசைப்பலகைகளில் விசைக்கு இரண்டு தொடுமுனைகள் இருக்கும். அவற்றுள் ஒன்றில் மட்டும் அழுக்குப் படிந்தால், விசை ஊமையாகாமல் திடீரென உரத்து ஒலிப்பதும் உண்டு. ஜூனோ-106 வேகத்தை உணர்வதில்லை.

பழுதை இனங்காணல்

ஒரே ஒரு விசை மட்டும், எப்போது அழுத்தினாலும் ஒலிக்கவில்லை எனில் தொடுமுனையையோ டயோடையோ ஐயுறலாம். அடுத்தடுத்த விசைகளோ சம இடைவெளியிலுள்ள விசைகளோ கூட்டமாகச் செயலிழந்தால், அவற்றுக்குப் பொதுவான கம்பியிலோ இணைப்பியிலோ பழுது இருக்கும்.

மூன்றாவது வகையே பலரை ஏமாற்றுவது. ஜூனோ-106 ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை மட்டுமே ஒலிக்க வல்லது. ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்னும் ஒரு சில்லு உண்டு. காலப்போக்கில் பழுதடைவதில் இது பெயர்பெற்றது. ஒரு சில்லு முற்றிலும் செயலிழந்தால், ஆறு விசைகளை ஒருசேர அழுத்தும்போது ஐந்து மட்டுமே ஒலிக்கும். ஆனால் ஊமையாகும் விசை முறைக்கு முறை மாறும். இதை அறியாமல் விசைகளைக் கழற்றித் துடைப்பது வீண் வேலை. நலமாயிருந்த பகுதியும் அதில் கெடக்கூடும்.

தூய்மை செய்தல்

மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கருவியைத் திறக்க வேண்டும். விசைகளையும் வில்களையும் கழற்றுமுன் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நன்று. ரப்பர் பட்டையை மெல்ல உரித்தெடுத்து, பலகையின் தடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். கரிப்பொட்டை இலேசாக ஒற்றியெடுத்தாலே போதும். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. கரிப்படலம் மெல்லியது, தேய்ந்தால் மீளாது. எண்ணெய் கலந்த தெளிப்பான்கள் பசையை விட்டுச்சென்று மேலும் தூசியைச் சேர்க்கும்.

துடைத்தும் ஒலிக்காவிடில், அதே பொட்டை மல்டிமீட்டரால் அளந்து, நன்கு ஒலிக்கும் விசையின் பொட்டோடு ஒப்பிடலாம். மின்தடை மிக அதிகமாயின் பட்டையையே மாற்றுவது நல்லது. பென்சில் கரியைப் பூசும் வழக்கமும் உண்டு. அது நெடுநாள் நிற்பதில்லை. பொட்டு நலமாயிருப்பின் டயோடைச் சோதிக்க வேண்டும். புதியதைப் பற்றவைக்கும்போது அதன் திசை மாறக் கூடாது.

பட்டையைத் திரும்பப் பொருத்துகையில் அதன் முளைகள் யாவும் பலகைத் துளைகளில் முழுமையாக அமர வேண்டும். ஒன்று மேலெழுந்து நின்றாலும் அவ்விசை ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒருமுறை அழுத்த இருமுறை ஒலிக்கும்.