டோக்கன் தெரியவில்லையா?

நம் சங்க உறுப்பினர்களில் சிறு கம்பெனி நடத்துவோர் பலரிடம் டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யு.எஸ்.பி. டோக்கன் இருக்கிறது. அவர்களில் சிலர் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதற்குள் விண்டோஸை ஓட்டுகிறார்கள். "சார், விண்டோஸில் டோக்கன் தெரியவில்லை, இன்றுதான் கடைசி நாள்" என்று எனக்குப் போன் வருவது வழக்கமாகிவிட்டது. கம்பெனியின் ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பது 2018-இல் வந்த விதி. ஆகவே இது விளையாட்டுக் காரியமல்ல.

அடிப்படை விஷயம் ஒன்றுதான். நிஜக் கம்ப்யூட்டரை வீட்டுக்காரர் என்றும், அதற்குள் ஓடும் விண்டோஸைக் குடித்தனக்காரர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் ஒரே சாவி. ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். எனவே சாவி எங்கே நின்றுவிட்டது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. முதலில் லினக்ஸுக்கு டோக்கன் தெரிகிறதா? 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளை கொடுத்தால் பட்டியல் வரும். அதில் இல்லையென்றால் ஹப்பை விட்டுவிட்டு நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள்.

2. வர்ச்சுவல்பாக்ஸின் யு.எஸ்.பி. பட்டியல் காலியாக இருந்தால், உங்கள் பெயர் 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்ற குழுவில் இல்லை என்று பெரும்பாலும் பொருள். சேர்த்தபின் ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

3. விண்டோஸை முழுவதும் நிறுத்திவிட்டு, செட்டிங்ஸில் யு.எஸ்.பி. கண்ட்ரோலரைப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் யு.எஸ்.பி. 3.0-க்கான டிரைவர் கூடவே வருவதில்லை, அதற்கு 2.0 போதும். 2022-இல் வந்த 7.0-க்கு முந்தைய வர்ச்சுவல்பாக்ஸ் என்றால், 2.0-க்கும் 3.0-க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தனியாகத் தேவை. அதன் பதிப்பு எண் வர்ச்சுவல்பாக்ஸின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும்.

4. அதே இடத்தில் டோக்கனுக்கு ஒரு ஃபில்டர் போடுங்கள். தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டும் போதும். மற்றவற்றைக் காலியாக விடுங்கள். பிறகு விண்டோஸை ஓடவிட்டு, டோக்கனைக் கழற்றிச் செருகுங்கள்.

5. 'பிஸி' என்று செய்தி வந்தால் வீட்டுக்காரர் சாவியை விடவில்லை. லினக்ஸில் ஸ்மார்ட் கார்டுகளைக் கவனிக்கும் 'பிசிஎஸ்சிடி' சேவை டோக்கனைப் பிடித்திருக்கலாம். அதையும், அதை மறுபடி எழுப்பிவிடும் அதன் சாக்கெட்டையும் நிறுத்துங்கள்.

6. விண்டோஸுக்குள் டோக்கன் வந்தும் கையொப்பம் தெரியவில்லையா? டோக்கன் கம்பெனியின் டிரைவரை விண்டோஸுக்குள்தான் நிறுவ வேண்டும். லினக்ஸில் நிறுவியது அங்கே உதவாது.

ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் 'இனிஷியலைஸ்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். உள்ளிருக்கும் கையொப்பம் அழிந்துபோகும், புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் டோக்கன் பூட்டிக்கொள்ளும். டோக்கன் தெரியாததற்கும் பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே டோக்கனைச் செருகி, விண்டோஸில் உங்கள் பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால், வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிக்கவாவது அவகாசம் இருக்கும்.