ஒப்படைத்தவன்

அந்தமானின் சாத்தம் தீவு என்றதும் 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலைதான் இன்று பலருக்கும் நினைவுக்கு வரும். 1858 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி டாக்டர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் கைதிகளைக் கொண்டுவந்து முதலில் காடு திருத்தியதும் இந்தச் சிறு தீவில்தான். குடிநீர் போதாததால் ராஸ் தீவுக்கு மாறினார்கள். அந்த முதல் ஆண்டின் கைதிகளில் ஒருவர், சிப்பாய்க் கிளர்ச்சியில் சேர்ந்தவரான தூத்நாத் திவாரி. ஏப்ரலில் தப்பியோடி, அம்புக் காயத்தோடு தீவின் பழங்குடிகளான பெரிய அந்தமானியரிடம் சிக்கினார். அவர்கள் கொல்லவில்லை, தங்களோடு வைத்துக்கொண்டார்கள், பெண்ணும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் பிரிட்டிஷாரின் ஆபர்டீன் முகாமைத் தாக்கப் புறப்பட்டபோது, திவாரி முந்தி வந்து வாக்கரிடம் சொல்லிவிட்டார். 1859 மே 17 அன்று வில்லும் அம்பும் துப்பாக்கியிடம் தோற்றன. திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது.

இவரை, துரோகி என்ற பொருளில், ஆங்கிலத்தில் ‘டிரெய்டர்’ எனலாமா? அச்சொல்லின் வேர், ஒப்படைத்தல் என்று பொருள்படும் ‘டிராதரே’ என்ற லத்தீன் வினை. மரபைக் குறிக்கும் ‘டிரெடிஷன்’ இதே வயிற்றில் பிறந்தது: ஒன்று அடுத்த தலைமுறையிடம் கொடுப்பது, மற்றொன்று எதிரியிடம் கொடுப்பது. 303-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கிறித்தவ நூல்களை எரிக்க ஆணையிட்டபோது, அவற்றை அதிகாரிகளிடம் தந்துவிட்டவர்களை ‘டிரடிட்டோரஸ்’ என்று சக கிறித்தவர்களே தூற்றினார்கள். நம் ‘காட்டிக்கொடு’ என்பதிலும் கொடுத்தல் இருக்கிறது. ‘துரோகம்’ என்ற வடசொல்லிலோ தீங்குதான் முன்னிற்கிறது. ஆக, வேர்ப்பொருளின்படி கேள்வி எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்பதல்ல, நம்பிக் கொடுக்கப்பட்டதைக் கைமாற்றினாரா என்பதே. திவாரி கைமாற்றினார்.

அவர் விரும்பியா அங்கே வாழ்ந்தார், சிறைப்பட்டவருக்கு என்ன கடமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் திட்டம் அவர் காதில் விழுமளவுக்கு அவர்கள் அவரை நம்பினார்கள். முகாமிலிருந்த சக கைதிகளின் உயிரைக் காத்தாரே என்பது இன்னும் வலுவான வாதம். அது செயலுக்குக் காரணம் சொல்கிறது. செயலின் பெயரை மாற்றவில்லை. ஒருவரே ஓரிடத்தில் காத்தவராகவும் இன்னோரிடத்தில் காட்டிக்கொடுத்தவராகவும் இருக்க முடியும். (பிரிட்டிஷாரின் கணக்கில் அவர் ஏற்கெனவே ஒருமுறை துரோகி, மறுமுறை செய்ததற்குத்தான் விடுதலை!) அதற்காக, அந்தமானியர் அழிவையே அவர் தலையில் கட்டுவது மிகை. அன்று ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்களை ஒருசில பத்துகளாகக் குறைத்ததில் பெரும்பங்கு, குடியேற்றத்தோடு வந்த மேகநோய்க்கும் 1877-இன் தட்டம்மைக்கும் உரியது.