நாவலூர் டு நெடுந்தீவு: தனி விமானத்தில் போனாலும் கடைசி ஒரு மணி நேரம் படகில்தான்!

வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டால் நாவலூர், சிறுசேரி, தாழம்பூர் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான் ஓடும். ‘இந்த வாரம் எங்கே போகலாம்?’ மாமல்லபுரம் அலுத்துவிட்டது. புதுச்சேரியில் கூட்டம். ஏற்காடு, ஏலகிரி என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். இந்த இடத்தில்தான் சமீபகாலமாக ஒரு யோசனை எட்டிப் பார்க்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குட்டி விமானத்தையே வாடகைக்கு எடுத்து, சத்தமே இல்லாத ஒரு தீவுக்குப் போனால் என்ன?

தீவு என்றதும் மாலத்தீவும் அந்தமானும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சென்னைக்கு நேர் தெற்கே, சுமார் 360 கிலோமீட்டர் வான்வழித் தூரத்தில் யாழ்ப்பாணம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே கடலுக்குள் இருக்கிறது நெடுந்தீவு. காட்டுக் குதிரைகள், டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டை, பவளக்கல் வேலிகள், பனைமரங்கள். பேசுவதற்குத் தமிழ். வேறென்ன வேண்டும்?

சரி, தனி விமானத்தில் போக முடியுமா, எவ்வளவு செலவாகும், போனால் என்ன பார்க்கலாம்? வரிசையாகப் பார்ப்போம்.

தனி விமானம்: கணக்கு எப்படி?

வாடகை விமானம் என்பது வாடகை டாக்ஸி மாதிரிதான். ஆனால் மீட்டர் ஓடும் விதம் வேறு. கட்டணம் கிலோமீட்டருக்கு அல்ல, பறக்கும் மணிக்கணக்குக்கு. நீங்கள் ஏறி இறங்கும் நேரத்துக்கு மட்டும் கட்டணம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். விமானம் வேறு ஊரில் நின்றுகொண்டிருந்தால், அங்கிருந்து சென்னைக்குக் காலியாக வரும் நேரத்துக்கும் பணம் கட்ட வேண்டும். உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினாலும் அப்படியே. அங்கேயே காத்திருந்தால் பார்க்கிங், விமானிகள் தங்கும் செலவு எல்லாம் சேரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டுப் பேர் உட்காரும் புரொப்பெல்லர் விமானத்துக்கு மணிக்கு 1.5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக மட்டும்தான். விமானத்தையும் நிறுவனத்தையும் பொறுத்து இது ஏறும், இறங்கும். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம். உங்களை விட்டுவிட்டுத் திரும்பி, இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து அழைத்துப் போனால் மொத்தம் நான்கு மணி நேரம். அதாவது 6 லட்சம் ரூபாய். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 75,000. வரியும் விமான நிலையக் கட்டணங்களும் தனி.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. யாரோ ஒருவரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் விமானங்களில் இருக்கைகளைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஆனால் அந்த விமானம் எங்கே, எப்போது கிளம்புகிறதோ அதற்கேற்ப நீங்கள்தான் உங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணம் போன்ற வழித்தடத்தில் அப்படி அமைவது அபூர்வம்.

கையெழுத்துப் போடும் முன்...

இந்தியாவில் விமானத்தை வாடகைக்கு விட, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் எனும் டி.ஜி.சி.ஏ-வின் உரிமம் வேண்டும். ‘நான் ஷெட்யூல்டு ஆபரேட்டர்’ என்று இதைச் சொல்வார்கள். ஒரு தொழிலதிபர் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்த விமானத்தை வாடகைக்கு ஓட்டக் கூடாது. சொந்த நம்பர் பிளேட் காரை டாக்ஸியாக ஓட்டுவது போன்ற விஷயம் அது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சிக்கலாகும். ஆகவே விலையைக் கேட்கும் முன் உரிமத்தைக் கேளுங்கள்.

அடுத்தது, இது வெளிநாட்டுப் பயணம். தனி விமானம் என்பதற்காக பாஸ்போர்ட், இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எதுவும் விலகிப்போகாது. இலங்கைக்குள் நுழைய இ.டி.ஏ எனும் மின்னணுப் பயண அனுமதி குறித்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துவிட்டுத் திட்டமிடுவது நல்லது. விமானம் தரையிறங்க இலங்கை அதிகாரிகளின் அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும். ‘நாளைக்குக் கிளம்பலாம்’ என்பதெல்லாம் நடக்காது.

சின்ன விமானங்களில் எடை முக்கியம். எட்டுப் பேரும் எட்டுப் பெரிய சூட்கேஸும் என்றால், விமானி ஒன்றைக் குறைக்கச் சொல்வார். பெரும்பாலும் சூட்கேஸை!

பலாலி: ஓடுதளத்துக்கு ஒரு கதை இருக்கிறது

நாவலூரிலிருந்து ஓ.எம்.ஆர் வழியாகத் துரைப்பாக்கம், அங்கிருந்து ரேடியல் ரோட்டில் பல்லாவரம், பிறகு மீனம்பாக்கம். டிராஃபிக்கில் மாட்டினால் இந்தப் பயணம், விமானம் கடலைத் தாண்டும் நேரத்தைவிட அதிகமாகிவிடும்.

விமானம் இறங்கும் இடம் பலாலி. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த ஓடுதளம் இது. 1947 டிசம்பர் 10-ம் தேதி ‘ஏர் சிலோன்’ நிறுவனத்தின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, பிறகுதான் சென்னைக்கு வந்தது. இலங்கையின் சொந்த விமான நிறுவனம் முதன்முதலில் பறந்த பாதையே யாழ்ப்பாணம் - சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது.

பிறகு போர் வந்தது. பயணிகள் விமானங்கள் நின்றன. பலாலியைச் சுற்றியிருந்த பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. 1990-ல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். நிலங்களில் ஒரு பகுதி கட்டம் கட்டமாகத் திருப்பித் தரப்பட்டது. மீதிக்காக இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விமான நிலையத்தை விரிவாக்குவோம் என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம், ‘அப்படியானால் எங்கள் காணி?’ என்ற கேள்வியும் அங்கே எழுகிறது.

2019 அக்டோபர் 17-ம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக இது திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து ‘அலையன்ஸ் ஏர்’ விமானம் போய் இறங்கியது. கொரோனாவால் நின்றுபோன சேவை 2022 டிசம்பர் 12-ம் தேதி மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1-ம் தேதியிலிருந்து ‘இண்டிகோ’வும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது.

முதற்கட்டமாக 1,400 மீட்டர் ஓடுதளமே புதுப்பிக்கப்பட்டதால், ஏ.டி.ஆர்-72 போன்ற புரொப்பெல்லர் விமானங்களே இங்கே வந்துபோகின்றன. வாடகை விமானம் எடுப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். பளபளக்கும் பெரிய ஜெட்டைப் பார்த்து ஆசைப்பட்டால், அது இங்கே இறங்காமல் போகலாம்.

வாரக் கடைசிக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு மணி நேர விமானப் பயணம். தமிழ்நாட்டில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் பொருளே வேறு. முன்பெல்லாம் யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ பல மணி நேரம் போக வேண்டும். இந்தச் சிறிய ஓடுதளம் அந்த நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது.

குறிகட்டுவானில் எல்லோரும் சமம்

நெடுந்தீவில் விமான நிலையம் இல்லை. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் வந்து, பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும். இருபக்கமும் கடல், நடுவே சாலை. இந்தப் பயணமே ஒரு அழகு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் இங்கேதான் படகு ஏறுகிறார்கள்.

நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரப் படகுப் பயணம். நாளொன்றுக்குச் சில படகுகள்தான். ஆறு லட்ச ரூபாய் விமானத்தில் வந்தவரும் அரிசி மூட்டையோடு நிற்பவரும் அதே படகுக்குத்தான் காத்திருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு அந்தப் படகு ஓர் அனுபவம். தீவு மக்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்கும், வங்கிக்கும், பிள்ளைகளின் மேல்படிப்புக்கும் போகும் வழி. விடுமுறை நாளில் கூட்டமாகப் போய் இடம் பிடித்தால், மருந்து வாங்கப் போன பெரியவர் கரையில் நிற்க நேரிடும். உள்ளூர் ஆட்களுக்கு முதலில் வழிவிடுங்கள். கூட்டமாகப் போனால், முன்கூட்டியே பேசித் தனிப்படகு அமர்த்திக்கொள்ளலாம்.

இந்தக் கடல்வழிக்கு ஒரு ஆறாத காயமும் உண்டு. 1985 மே 15-ம் தேதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘குமுதினி’ படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், அதிலிருந்த பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பேர் இறந்தார்கள். கடற்படையினரே இதைச் செய்தார்கள் என்பது உயிர்தப்பியவர்களின் சாட்சியம். ஆண்டுதோறும் மே 15-ல் தீவு மக்கள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். அதற்குப் பிறகும் அதே ‘குமுதினி’ மக்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. வேறு வழியில்லை. தீவுக்குப் படகுதானே கால்.

தீவில் என்ன பார்க்கலாம்?

* குதிரைகள்: போர்த்துக்கீசியர் கொண்டுவந்து, டச்சுக்காரர்கள் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை. உரிமையாளர் இல்லாமல் வெட்டவெளியில் திரிகின்றன. கடும் வறட்சியில் தண்ணீர் இல்லாமல் இவை செத்து விழுந்த ஆண்டுகளும் உண்டு. 2015-ல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிட்டே போய் செல்ஃபி எடுக்க முயல வேண்டாம்.

* டச்சுக் கோட்டை: பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய இரண்டு மாடிக் கோட்டையின் இடிபாடு. கல்லைத் தொட்டுப் பார்த்தால், பவளப் பூச்சிகள் கட்டிய வரிவரியான கூடு கையில் தெரியும். அருகில் பழைய புறாக்கூடும் இருக்கிறது.

* பெருக்க மரம்: தமிழ்நாட்டில் பொந்தன்புளி என்பார்களே, அதே பாவோபாப் மரம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அரபு வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். அடிமரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம்.

* பவளக்கல் வேலிகள்: சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய வேலிகள் தெருவெங்கும். அழகாக இருக்கிறது என்று ஒரு கல்லை எடுத்துப் பையில் போடாதீர்கள்.

இன்னொரு செய்தி சென்னைக்காரர்களுக்காக. மெரினா கடற்கரையில் வரிசையாக நிற்கும் தமிழறிஞர் சிலைகள், 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்டவை. அந்த மாநாடுகளுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகளாரின் தந்தையின் ஊர் நெடுந்தீவு. ‘ஆடுகளம்’ படத்தில் பேட்டைக்காரனாக மிரட்டிய கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலனின் வேரும் இந்தத் தீவில்தான். நாம் அடிக்கடி செய்திகளில் கேட்கும் கச்சத்தீவு, நிர்வாகரீதியாக நெடுந்தீவுப் பிரிவுக்குள்தான் வருகிறது.

அமைதிக்கு ஒரு விலை

நகரத்திலிருந்து போகிறவர்களுக்கு நெடுந்தீவின் அமைதி சுகம். ஆனால் அந்த அமைதியில் ஒரு பகுதி, ஆட்கள் ஊரைவிட்டுப் போனதால் வந்தது. பூட்டிய வீடுகளும் இடிந்த சுவர்களும் அதைச் சொல்லும். போர், வேலை, படிப்பு, குடிநீர் என்று காரணங்கள் பல. தீவின் பல கிணறுகளில் தண்ணீர் உவர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்றாலை இணைந்த மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதற்கு 1.1 கோடி டாலரை இந்தியா மானியமாகத் தருகிறது. மின்சாரமும் தண்ணீரும் சீரானால், போனவர்களில் சிலராவது திரும்புவார்கள் என்பது நம்பிக்கை.

ஆகவே, போகிறவர்கள் கொஞ்சம் பணத்தைத் தீவிலேயே செலவழித்துவிட்டு வரலாம். சாப்பாட்டை யாழ்ப்பாணத்திலிருந்து பொட்டலம் கட்டிப்போகாமல், தீவில் முன்கூட்டியே சொல்லிச் சமைக்கச் சொல்லுங்கள். சுற்றிப்பார்க்க உள்ளூர் ஆட்டோவையே அமர்த்துங்கள். பனங்கட்டி வாங்குங்கள். பிளாஸ்டிக் பாட்டில்களை மட்டும் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். குப்பையை அள்ளிக் கரைக்குக் கொண்டுபோகவும் அவர்களுக்குப் படகுதான் வேண்டும்.

எப்போது போகலாம்?

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்துக்குப் பிறகு சோளகக் காற்று எழும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தக் காலங்களில் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். அதனால் திரும்பும் விமானத்துக்கும் தீவிலிருந்து கிளம்புவதற்கும் இடையே ஒரு நாளாவது கையில் வையுங்கள். வாடகை விமானம் காத்திருந்தால் அந்த ஒரு நாளுக்கும் மீட்டர் ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, தனி விமானம் அவசியமா? வயதான பெற்றோர், சக்கர நாற்காலியில் இருப்பவர், பெரிய குடும்பம், செலவைத் தாங்கும் வசதி என எல்லாம் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வழக்கமான விமானமே தாராளமாகப் போதும். கடல் பிடிக்கும் என்றால், நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அதிலும் போகலாம். எதில் போனாலும் குறிகட்டுவானில் இறங்கி, வரிசையில் நின்று, படகேற வேண்டும். பக்கத்தில் உட்காரும் தீவுக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘எந்த ஊர் நீங்கள்?’ என்று அவர்தான் முதலில் கேட்பார்.