பிள்ளைக்கென வைத்த பணம் பிள்ளையைச் சேர

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் வழியே பாம்பாடும் சோலையைக் கடந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் வட்டவடை. படிப்படியாக வெட்டிய மலைச்சரிவுகளில் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் ஊர். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில், கேரள எல்லைக்குள் இருப்பினும் வீட்டில் வழங்கும் மொழி தமிழே. இத்தகைய ஊரில் மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ நாள்பட்ட நோயோ உள்ள பிள்ளையை வளர்க்கும் குடும்பத்தின் வரவுசெலவு, மாதச் சம்பளக்காரரின் வரவுசெலவு போன்றதன்று. வருவாய் அறுவடைக்கு ஒருமுறை வருகிறது. மருந்துச் செலவு மாதந்தோறும் வருகிறது. மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்குச் சென்று வருவதென்றால் ஒரு முழுநாள் கூலியும் போய்விடும்.

எனவே, ஒருமுறை செல்லும்போது எதைப் பெற்றுவர வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம். முதலாவது, மாற்றுத்திறனாளிக்கான சான்றிதழும் அதனோடு இணைந்த தனித்துவ அடையாள அட்டையும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கண், காது, கை, கால் குறைபாடுகள் மட்டுமே இதில் அடங்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஹீமோபிலியா, தலசீமியா, அட்டப்பாடிப் பழங்குடிச் சிறாரிடம் காணப்படும் அரிவாள் செல் நோய் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். தேனிக்கோ மதுரைக்கோ சிகிச்சைக்குச் செல்வோர் இதனை நினைவிற்கொள்க. ஓய்வூதியம் முதலிய மாநில உதவிகளை மட்டும் வசிக்கும் மாநிலத்திலேயே கோர வேண்டும். மலையாளத்தில் எழுத இயலாதவர் தயங்க வேண்டுவதில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது. கேட்பவர் குறைவு என்பதே நம் வருத்தம்.

கேரள அரசின் திட்டங்களுள் சில இங்குள்ள குடும்பங்களுக்கு நேரே பயன்படுவன. முதல் வகை நீரிழிவுள்ள சிறார்க்கு இன்சுலினும் கருவிகளும் வழங்கும் திட்டத்தின் பெயர் ‘மிட்டாயி’; இனிப்பை எண்ணி உண்ண வேண்டிய பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சூட்டியவர் நகைச்சுவை உணர்வுடையவராதல் வேண்டும். பிறவி இதயக் குறைபாட்டிற்கு ‘ஹ்ருத்யம்’, செவித்திறன் இழந்த குழந்தைகளுக்கு உள்செவிக் கருவி பொருத்த ‘ஸ்ருதிதரங்கம்’, முழுநேரக் கவனிப்பு வேண்டுவோரைப் பேணும் உறவினர்க்குச் சிறு மாத உதவியாக ‘ஆஸ்வாசகிரணம்’ ஆகியன உள்ளன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் மைய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. புறநோயாளிச் செலவும் அதில் அடங்கும்.

இனி வங்கிக்கு வருவோம். மாதத் தவணை கட்டும் தொடர் வைப்பு, அறுவடை வருவாயுள்ளவர்க்கு எளிதில் பொருந்துவதில்லை. தவணை தவறுவது இயல்பாகிவிடுகிறது. பூண்டு விற்ற கையோடு ஒரு தொகையை நிரந்தர வைப்பாக இட்டு, வட்டியை மாதந்தோறும் சேமிப்புக் கணக்கில் சேருமாறு செய்வதே எமக்கு மேலாகத் தோன்றுகிறது. மாத வட்டி, காலாண்டு வட்டியைவிடச் சற்றுக் குறைவாகக் கணக்கிடப்படும். ஆயினும் மருந்துக் கடைக்குக் கொடுக்க வேண்டிய நாளில் பணம் கையில் இருக்கும்.

மிகுந்த கவனம் வேண்டுவது பிள்ளையின் பதினெட்டாம் பிறந்தநாள். அதுவரை பெற்றோரே இயற்கைக் காப்பாளர். பிள்ளையின் பெயரிலுள்ள கணக்கை அவர்கள் இயக்கலாம். பதினெட்டு நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அப்பிள்ளை பருவமடைந்தவர். கையொப்பத்தின் பொருளை அறிய இயலாத பிள்ளையாயினும், தாய் தந்தையர் அவருக்காகக் கையொப்பமிடும் உரிமை தானே தொடர்வதில்லை. பத்தாண்டு சேர்த்த தொகை கணக்கில் இருக்க, எடுக்க இயலாத நிலை அப்போது உண்டாகலாம். மேற்சொன்ன நான்கு வகைக் குறைபாடுகளுக்கு இதற்குத் தீர்வு உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டக் காப்பாளர் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழைக் கொண்டு கணக்குத் தொடங்கவும் இயக்கவும் வங்கிகள் அனுமதிக்கலாம் என ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியுள்ளது. காப்பாளரானவர் ஆறு மாதத்திற்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பின் ஆண்டுதோறும் கணக்கையும் குழுவிடம் அளிக்க வேண்டும். ஆகவே பாஸ்புக்கையும் மருந்து ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்தல் வேண்டும். பதினேழு வயதிலேயே ஆவணங்களைத் திரட்டத் தொடங்குவது நன்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் காப்பாளர் வேண்டும் என்பதன்று. நீரிழிவோ ஹீமோபிலியாவோ பார்வைக் குறைபாடோ உள்ளவர் தம் பணத்தைத் தாமே ஆளும் முழு உரிமை உடையவர். பார்வையற்றவர்க்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பெட்டக வசதி எதனையும் மறுத்தல் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. பத்து வயது நிறைந்த சிறார், வங்கி வகுக்கும் வரம்பிற்குட்பட்டு, கணக்கைத் தாமே இயக்கலாம். அன்பின் மிகுதியால் பெற்றோர் இவ்வுரிமையை மறித்துவிடுவதும் உண்டு.

‘எமக்குப் பின் அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்று மூத்த மகன் பெயரில் முழுத் தொகையையும் வைப்போர் பலர். அண்ணனின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவர் பெயரிலுள்ள பணம் சட்டப்படி அவருடையது. அவருடைய கடன்காரர் அதன்மேல் உரிமை கோரலாம். அவர் மறைந்தால் அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். நியமனதாரராகப் பெயர் குறித்தலும் போதாது. நியமனதாரர் வங்கியிடமிருந்து தொகையைப் பெற்றுக்கொள்பவரேயன்றி, அதனாலேயே அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சிறுவயதுப் பிள்ளையை நியமனதாரராகக் குறிக்கும்போது தொகையைப் பெறப் பெரியவர் ஒருவரையும் குறிக்கிறோமல்லவா? அந்த ஏற்பாடும் பதினெட்டு வயதோடு முடிந்துவிடும். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்பிற்கு நால்வர் வரை நியமனம் செய்யலாம். பழைய நியமனங்களைத் திருத்த இது நல்ல தருணம். பிள்ளையின் பங்கைத் தெளிவாகக் கூறும் உயிலே அடிப்படை. சொத்து மிகுந்தவர் வழக்கறிஞரைக் கொண்டு பிள்ளையின் நலனுக்கெனத் தனி அறக்கட்டளை ஒன்றை அமைத்து, அண்ணனையும் குடும்பத்திற்கு வெளியே நம்பிக்கையான ஒருவரையும் அதன் பொறுப்பாளராக்கலாம். அண்ணனுக்கும் அது பாதுகாப்பே.

வரி செலுத்துவோர்க்கு ஒரு சொல். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர், சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ ஆயின் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். விவசாய வருவாய் மட்டுமே உடையவர்க்கு இது தேவைப்படாது.

நடக்க இயலாத பிள்ளையைக் கிளைக்குத் தூக்கி வர வேண்டும் என்றும் எண்ண வேண்டா. மாற்றுத்திறனாளிகளுக்கு அடிப்படைச் சேவைகளை வீட்டு வாயிலில் வழங்க முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளைப் பணித்தது. மலையூரில் அதற்கு முன்னறிவிப்பு வேண்டியிருக்கும். கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வைப்பு ரசீதுகளோடு மற்றொரு தாளும் இருக்கட்டும். பிள்ளை உண்ணும் மருந்து எது, எந்த நேரத்தில், எந்த உணவு ஒவ்வாது, எதற்கு அஞ்சும், யார் குரலுக்கு அமைதியாகும் என்பவற்றை எழுதி வையுங்கள். சட்டம் கேட்கும் ஆவணமன்று அது. பின்னாளில் பொறுப்பேற்பவர் முதலில் தேடும் ஆவணம் அதுவே. ஆண்டுக்கொருமுறை அதனைப் புதிதாக எழுதுங்கள். மருந்தின் அளவு மாறியிருக்கும்.